தூணுக்குள்ளே செங்கல்

போன செவ்வாய் மத்தியானம் கொழும்பு கோட்டைப் பகுதியில் மழை பிடித்துக்கொண்டது, நான் ஒதுங்கி நின்றது ஒரு பழைய வங்கிக் கட்டடத்தின் விறாந்தையில். எந்த வங்கி என்று கேட்காதீர்கள், கையெழுத்து ஒத்துவரவில்லை என்று மூன்றாம் தடவையாக என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், கோபம் இன்னும் ஆறவில்லை. முக்கால் மணித்தியாலம் சும்மா நின்றதில் ஒரு தூணை முழுதாகப் பார்த்து முடித்தேன்.

வீதிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் மலையைக் குடைந்து வைத்தது மாதிரி இருக்கும். கீழ்த்தளம் முழுக்கப் பெரிய பெரிய கல்லாக அடுக்கியது போல ஆழமான கோடுகள். கிட்டப் போனால், முழங்கால் உயரத்தில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குப் பூச்சு உதிர்ந்து உள்ளே சிவப்புச் செங்கல் தெரிகிறது. கல்லே இல்லை. சாந்து காய்வதற்கு முன்பு கோடு கீறிக் கல்லாகக் காட்டியிருக்கிறான் ஏதோ ஒரு கொத்தனார், பெயர் தெரியாத கெட்டிக்காரன். விரலால் தட்டினேன், பக்கத்துப் பூச்சும் பொள்ளென்று சத்தம் போட்டது.

விக்டோரியா காலத்து வங்கிக்காரருக்குக் கட்டடம்தான் விளம்பரம். அந்தக் காலத்தில் வங்கிகள் முறிவது சாதாரணம், அதனால் 'நாங்கள் எங்கேயும் ஓடமாட்டோம்' என்று சுவரே சொல்லவேண்டியிருந்தது. பழைய இத்தாலிய வணிகக் குடும்பங்களின் மாளிகையைப் பார்த்து வரைந்தார்கள்: கீழே முரட்டுக் கல், நடுவில் நீள நீள ஜன்னல், உச்சியில் நெற்றியை மறைக்கிற மாதிரி கனத்த விளிம்பு. அது கப்பலேறி இங்கே வந்ததும் வெயிலுக்கும் மழைக்கும் பணியவேண்டி வந்தது. தடித்த சுவர், எட்டாத உயரத்தில் கூரை, நடைபாதையை மூடி வளைவு வளைவாக விறாந்தை. எனக்கு அதில் இந்த விறாந்தைதான் பிடிக்கும், குடை கொண்டுவராத எல்லோருக்கும் பிடிக்கும்.

சுவர் சொன்னது உண்மையா என்றால், இல்லை. ஓரியண்டல் பாங்க் கோப்பரேஷன் அப்போது இலங்கையின் பெரிய வங்கி, அதன் நோட்டுகள் ஊரெல்லாம் புழங்கின. 1869இல் கோப்பி இலையில் கண்ட நோய் தோட்டங்களைத் தின்று தீர்க்க, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த அந்த வங்கி 1884 மே மாதம் கதவை மூடியது. ஆளுநர் கோர்டன் அரசாங்கத்தின் பேரில் அந்த நோட்டுகளுக்குப் பொறுப்பேற்ற பிறகுதான் சனம் மூச்சு விட்டது. அடுத்த வருஷம் முதல் நோட்டு அடிக்கிற வேலையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

ஒன்று சொல்லவேண்டும், கோட்டையில் நாம் 'விக்டோரியா கட்டடம்' என்று படம் எடுத்துப் போடுவதில் பாதி விக்டோரியா காலமே இல்லை. மகாராணி 1901இல் காலமாகிவிட்டார், கார்கில்ஸ் கடையின் சிவப்புக் கட்டடம் 1906. சத்தாம் வீதியில் மத்திய வங்கி காசு நூதனசாலை வைத்திருக்கிற சென்ட்ரல் பொயின்ட் 1911இல் தொடங்கி 1914இல் முடிந்தது, அதுவும் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காகக் கட்டியது. 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் உடைந்து வருஷக்கணக்காகப் பாழாகக் கிடந்ததைத் திருத்தியிருக்கிறார்கள். உள்ளே நின்று உச்சியில் இலை செதுக்கிய அந்தக் கொரிந்தியன் தூண்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். போய்ப் பாருங்கள்.

இந்தத் தூண்களுக்கு ஒரு மைல் தூரம்கூட இல்லாத செட்டியார் தெருவில் அதே காலத்தில் இன்னொரு வங்கி நடந்தது. தூண் இல்லை, கவுன்டர் இல்லை. செட்டியாரின் கடையான கிட்டங்கியில் பாயும் சாய்வுப் பெட்டியும் பேரேடும். வெள்ளைக்காரன் வங்கி நம்மூர்க் கடைக்காரனுக்கு நேரே கடன் கொடுக்காது, செட்டியாருக்குக் கொடுக்கும், செட்டியார் கடைக்காரனுக்குக் கொடுப்பார், வட்டி வழியெல்லாம் ஏறிக்கொண்டே வரும். 1925இல் பெரிய செட்டியார் நிறுவனம் ஒன்று நொடித்ததும் வங்கிகள் கையை இறுக்கிக்கொண்டன. பாயில் இருந்தவரின் பெயர்தான் அதுவரை தூணாக நின்றது.

என் அம்மப்பா கோட்டையில் ஒரு வங்கியில் பியூனாக இருந்தவர். தூணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கதவைப் பற்றித்தான் சொல்லுவார், "ரெண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் அசையும் பிள்ளை, காலமை அதைத் திறந்து முடிக்கவே பசி வந்துவிடும்" என்று.

நான் நின்ற இடத்திலும் அப்படி ஒரு கதவு இருந்தது. நடுவில் கண்ணாடிக் கதவு போட்டு ஏசி அடைத்துவிட்டார்கள், பழைய மரக்கதவின் இரண்டு பலகையும் சுவரோடு ஒட்டித் திறந்தபடியே கிடந்தன. காவலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் தோளை வைத்து ஒன்றைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. கதவையும் நிலையையும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.