அவிநாசியில், எதிர்வீட்டுக்காரியாக

அவிநாசியின் பழைய பெயர் திருப்புக்கொளியூர். அதன் வீதியில் சுந்தரர் வரும்போது ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. சேர்ந்து குளிக்கப் போன ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவரில் ஒருவனை முன்பு முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்கு அன்று பூணூல். சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்கு முதலைதான் பெரிதாகத் தெரிந்தது. என் மகன் போனபிறகு அந்த எதிர்வீடுதான் தெரிகிறது.

அவன் பிறந்த வாரமே பிறந்த பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தொட்டில் போட்டார்கள். நான் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூவைக் கட்டிக்கொண்டு உள்ளே கிடந்தேன். "இன்னொண்ணு பொறக்கும்" என்றார்கள். பச்சைக் குழந்தை என்று கருமாதியும் வைக்கவில்லை. அவன் எப்படி இருந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அத்தைதான் அவிநாசிக்குக் கூட்டிப்போனார். கோயிலுக்கு முன்னால் விளக்குத்தூணின் அடியில், முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வரும் சிற்பம். அதைத் தாண்டிக் கால் நகரவில்லை. "அழுதுக்கோ கண்ணு, சாமி பார்க்கட்டும்" என்று அத்தையும் என்னோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே." முதலை விழுங்கிய அந்தப் பிள்ளையைத் திரும்பக் கேட்டு சுந்தரர் இங்கே பாடிய வரி. கெஞ்சல் இல்லை, உரிமையோடு ஓர் அதட்டல். அவிநாசியப்பர் முன்னால் நின்று நானும் அதையே சொன்னேன், வாய்விட்டு. என் பிள்ளை வரமாட்டான் என்று தெரியும். ஆனால் 'விதி, பேசாமல் இரு' என்று எல்லோரும் அடக்கிய வாயை அந்தச் சன்னதி அடக்கவில்லை. வலப்பக்கம் இருக்கும் கருணாம்பிகையிடம் எதுவும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

சுந்தரரைக் கண்டதும் அந்தத் தாயும் தகப்பனும் மகனை இழந்த துயரை மறந்து மகிழ்ந்தார்கள் என்கிறார் சேக்கிழார். அந்த இடத்துக்கு மட்டும் என்னால் இன்னும் போகமுடியவில்லை. அவர்கள் பக்தி பெரிது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, விசேஷ வீட்டைத் தாண்டி அழுகை வீட்டைப் பற்றி சுந்தரர் விசாரித்ததுதான். அதற்குப் பிறகுதானே பதிகமே வந்தது.

வெளியே வந்து பூ வாங்கும்போது பூக்கார அம்மா, "எத்தனை குழந்தைங்க அம்மிணி?" என்றார். அத்தை என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு பையன்மா. தவறிட்டான்."

"அடக் கடவுளே. என்ன பேரு வெச்சிருந்தீங்க?"

சொன்னேன். யார் ஜாடை, எப்படிக் கொட்டாவி விடுவான், எல்லாம் சொன்னேன்.