சொல்லடைவில் கேம்பியர் இருக்கிறதா?

சிங்கப்பூர்க் காட்டுயிர் பற்றிய புத்தகம் கையில் கிடைத்தால் படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போய்ச் சொல்லடைவில் 'கேம்பியர்' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது அலமாரி அழகுக்குத்தான்.

19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் காட்டைப் பெருமளவு தின்றது கேம்பியர் என்ற செடிதான். அதன் சாறு வெற்றிலையோடு மெல்லவும் தோல் பதனிடவும் வாங்கிய சரக்கு. நம் காசுக்கட்டி மாதிரி. இலையை வேகவைத்துச் சாற்றைக் காய்ச்ச ஓயாமல் விறகு வேண்டும். தோட்டம் போட ஒரு காடு, அடுப்பெரிக்க இன்னொரு காடு. வெந்த சக்கை பக்கத்து மிளகுக்கொடிக்கு எருவானது. பதினைந்து, இருபது ஆண்டில் மண் சாரமிழந்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். விட்டுப்போன நிலத்தை லாலாங் புல் பிடித்துக்கொண்டது. சுவா சூ காங், லிம் சூ காங் எல்லாம் அந்தத் தோட்டக்காரர்களின் ஆற்றோரக் குடியிருப்புகளின் பெயர்கள்தான். முன்னால் நிற்பது குலப்பெயர்.

புலிக்கதையும் இங்கேதான் தொடங்குகிறது. 1854இல் வந்த ஆங்கிலேய இயற்கையியலாளர் வாலஸ், புக்கிட் தீமாவில் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவரே 1869இல் வெளியிட்ட நூலில், புலிகள் சராசரியாக நாளுக்கு ஒரு சீனரைக் கொல்கின்றன, பெரும்பாலும் கேம்பியர்த் தோட்டத்தில் வேலை செய்பவர்களை, என்றும் எழுதினார். வண்டுகள் அவர் பெட்டியில் இருந்தவை. புலிக்கணக்கு அப்படியல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் நூலாசிரியரைக் கொஞ்சம் சந்தேகியுங்கள். தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய செய்தித்தாள்களில் நீங்களே சரிபார்க்கலாம். ஒன்று கவனம்: தெம்பனிஸ் போன்ற ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டு அன்று வேறு. இன்றைய எழுத்தில் மட்டும் தேடினால் பல செய்திகள் சிக்காது.

தமிழ்நாட்டில் வாங்கிவந்த பறவைக் கையேட்டை இங்கே அப்படியே நம்ப வேண்டாம். ஊர் மைனாவுக்குப் பழுப்பு உடல், கண்ணோரம் மஞ்சள் தோல். உணவங்காடி மேசையில் சோறு பொறுக்குவது பெரும்பாலும் ஜாவா மைனா: கருஞ்சாம்பல் உடல், நெற்றியில் சிறு கொண்டை, கண்ணோரத் தோல் கிடையாது. பறவை மட்டுமல்ல, எறும்புதின்னியான அழுங்கும் அப்படித்தான், இங்குள்ளது சுண்டா வகை. அறிவியல் பெயரின் இரண்டாம் சொல்லைப் பார்த்தால் குழப்பம் தீரும்.

விலை மிரட்டினால் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் மேற்கோள் பிரிவு இருக்கிறது. இரவல் தரமாட்டார்கள், உட்கார்ந்து படிக்கலாம். குளிர் அதிகம், மேலே போட ஏதாவது எடுத்துப் போங்கள்.