புள்ளியில் ஆரம்பித்த தப்பு

காட்பாடி ஜங்ஷன் வாசலில் காலை எட்டு மணிக்கு நின்றால் எங்கள் முதலாண்டுப் பிள்ளைகளைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். தோளில் ஷீட் சுருட்டி வைக்கும் கறுப்புக் குழாய், கையில் டிராஃப்டர் பை. ஒருமுறை டவுன் பஸ் கண்டக்டர் ஒரு பையனைப் பார்த்து, "தம்பி, பீரங்கிய கீழ எறக்கு, அதுக்கு எடம் கோட்டையிலதான்" என்றார். பஸ்ஸே சிரித்தது. பையன் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவனுக்கு டிராயிங் டெஸ்ட். கேள்வித்தாள் தயாரித்தவன் மூன்று சீட் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

மெக்கானிக்கல் துறையில் இருக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு தனியார் கல்லூரி. பதினைந்து வருடத்துக்கு மேலாக முதலாண்டுக்கு இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் எடுக்கிறேன். பேர்தான் கிராஃபிக்ஸ், எல்லாருக்கும் அது டிராயிங். கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பைத்தான் என்று முதல் வருடத்தில் வரும் மற்ற பாடங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு வேர் இருக்கும். பைத்தான்கூட இப்போது பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் வந்துவிட்டது. டிராயிங்குக்கு மட்டும் அப்படி ஒன்றும் கிடையாது. பிளஸ் டூவில் 200க்கு 190 கட்-ஆஃப் வாங்கியவனும் 110 வாங்கியவனும் ஒரே மாதிரி முழிக்கிற ஒரே வகுப்பு இதுதான்.

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கு ரெகுலேஷன் என்று பேர். 2017 ரெகுலேஷனில் இந்தப் பாடம் முதல் செமஸ்டரில் இருந்தது. 2021 ரெகுலேஷனில் இரண்டாவதுக்குத் தள்ளினார்கள். என்ன யோசித்துத் தள்ளினார்களோ, வேலூர் வெயிலை யோசிக்கவில்லை. ஏப்ரல் மாதப் பிற்பகலில் அறுபது பேர் டிராயிங் ஹாலில். ஃபேனைப் போட்டால் ஷீட் படபடக்கும், நிறுத்தினால் முழங்கையிலிருந்து வேர்வை சொட்டி 2எச் பென்சில் கோடு ஈஷிக்கொள்ளும். ஹால் இதன் பேரில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஃபேன் கட்சிதான் எப்போதும் ஜெயிக்கும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் வருடா வருடம் ஒருவன் எழுந்து கேட்பான்: "எங்களுக்கு இது எதுக்கு சார்?" இதற்கு ரெடிமேட் பதில் ஒன்று உண்டு. கேம் டிசைன், திரையில் திருப்பிப் பார்க்கிற முப்பரிமாணப் படம் எல்லாமே உள்ளுக்குள் புரொஜெக்ஷன்தான் என்று சொல்லலாம். பொய்யில்லை. ஆனால் நான் சொல்வது வேறு: "தெரியலப்பா. எனக்கும் முதல் வருஷம் தெரியல. நான் இதுல அரியர்."

வகுப்பு நிமிர்ந்து உட்காரும். நிஜமாகவே அரியர் வைத்தவன் நான். சீனியர் ஷீட்டைக் கண்ணாடி மேல் விரித்து, அடியில் டியூப்லைட் எரியவிட்டு, என் ஷீட்டை அதன்மேல் போட்டு அப்படியே கோடு இழுத்துத்தான் இன்டர்னல் மார்க் வாங்கினேன். பரீட்சை ஹாலில் டியூப்லைட் மேலே இருந்தது. இரண்டாவது தடவை, இருபது படங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். மூன்று மனப்பாடத்தில் வந்தது, பாஸ்.

படித்து முடித்து ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சேர்ந்தேன். ஆரணிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு ஹாப்பர் செய்யும் வேலை வந்தது. நெல் கொட்டுகிற தொட்டி, மேலே அகலம், கீழே குறுகல். மேல்வாய் 2 மீட்டர் சதுரம், கீழ்வாய் 40 சென்டிமீட்டர் சதுரம், உயரம் ஒன்றரை மீட்டர். டிராயிங்கில் முன்பக்கத் தோற்றத்தை எடுத்தேன். சாய்ந்த ஓரத்தை அளந்தால் 1.7 மீட்டர். அதுதான் மூலை ஓரத்தின் நீளம் என்று நினைத்து நாலு தகட்டையும் அந்தக் கணக்கில் வெட்டக் கொடுத்துவிட்டேன். நாலும் மூலைக்கு மூலை அழகாகச் சேர்ந்தன. தற்காலிகமாக அங்கங்கே பிடிக்கிற டாக் வெல்டு போட்டு நிமிர்த்தி டேப் பிடித்தோம். உயரம் 1.27 மீட்டர். 23 சென்டிமீட்டரைக் காணோம்.

மார்க்கிங் மேஸ்திரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஐந்தாவது தாண்டாதவர். என்னை ஹாப்பருக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார். "இப்படி நேரா நின்னு பாரு தம்பி. மூலை கீழருந்து மேல போவுது, பக்கவாட்டுலயும் போவுது, அது உனக்குத் தெரியுது. ஆனா உன்னாண்டயும் வந்துக்கினு இருக்குதே, அது தெரியுதா? அத்த நீ சேக்கல."

பிறகு தரையில் சாக்பீஸால் ஒரு செங்கோணம் போட்டார். ஒரு பக்கம் 1.7 மீட்டர், இன்னொரு பக்கம் 80 சென்டிமீட்டர். குறுக்கே டேப் வைத்தால் 1.88. நான் எடுத்த நீளத்துக்கும் உண்மையான நீளத்துக்கும் 18 சென்டிமீட்டர் வித்தியாசம். புத்தகத்தில் இதற்கு ட்ரூ லெங்த் என்று பேர். நான் மனப்பாடம் செய்த இருபது படங்களில் ஏழு இதுதான். தகட்டுக் காசை முதலாளி இரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்தார். அதற்கு நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

இவ்வளவு தெரிந்தவன் கல்லூரிக்கு வந்து ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் இல்லையா? அதுதான் நடக்கவில்லை. சிலபஸ் கையில் வந்ததும் சிலபஸ் வரிசையிலேயே போனேன். வளைகோடுகள் முடிந்ததும் புள்ளி, பிறகு கோடு, பிறகு தளம், பிறகு திண்மம், அதை வெட்டுவது, அதற்கும் பிறகுதான் அதன் பரப்பைத் தட்டையாக விரிப்பது. என் வகுப்பு இந்த வாக்கியத்தில் தொடங்கும்: "ஒரு புள்ளி எச்.பி.க்கு 30 மில்லிமீட்டர் மேலே, வி.பி.க்கு 20 மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது." எச்.பி. என்றால் கிடைத்தளம், வி.பி. என்றால் செங்குத்துத் தளம், இரண்டும் கற்பனைத் தளங்கள்.

ஒருமுறை ஒடுகத்தூர் பக்கத்துப் பையன் ஒருவன், "எங்க சார் இருக்குது? காத்துலயா?" என்றான். கிண்டல் என்று நினைத்து வெளியே அனுப்பிவிட்டேன். பதினைந்து வருடத்தில் என் வகுப்பில் கேட்கப்பட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று என்று இப்போது தோன்றுகிறது. அகலமும் நீளமும் இல்லாத ஒன்று, கண்ணுக்குத் தெரியாத இரண்டு சுவருக்கு நடுவில் தொங்குகிறது என்றால், பதினேழு வயதுப் பையன் வேறு என்ன கேட்பான்?

இதில் மொழியும் சேர்ந்துகொள்ளும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் எங்களிடம் நிறைய. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்த பிறகு இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். கேள்வித்தாளில் நாலு வரி ஆங்கிலம் இருக்கும். எது எதற்குச் சாய்ந்திருக்கிறது, எது எதற்கு இணை என்று பிரித்து எடுப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். ஒருநாள் ஃப்ரஸ்டம், ஃப்ரஸ்டம் என்று பத்து நிமிடம் கத்தினேன். ஒரு முகத்திலும் வெளிச்சம் இல்லை. சலித்துப்போய், "இடைக்கண்டம்பா" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து, "அட, பத்தாவது பக்கெட் கணக்கு சார்!" சாயுயரம், வளைபரப்பு, சூத்திரம் எல்லாம் அவர்களே சொன்னார்கள். பட்டகம், கூம்பு, இடைக்கண்டம் எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். நான்தான் வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டு, வரவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே நேதாஜி மார்க்கெட்டில் இரண்டு கிலோ கேரட் வாங்கிக்கொண்டு போனேன். கூம்பைக் குறுக்கே வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம், பக்கத்துச் சாய்வுக்கு இணையாக வெட்டினால் பரவளையம். வெட்டிய முகத்தை ஷீட்டில் அழுத்தி பென்சிலால் சுற்றி வரையச் சொன்னேன். அடுத்த பீரியடில் வெட்டுத் தோற்றம் போடலாம் என்று பார்த்தால் கேரட் ஒன்றுகூட மிச்சமில்லை. முள்ளங்கி வாங்கியிருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வாரம் கூம்பை விரிப்பது. "கூம்பைப் பிரித்துப் படுக்க வைத்தால் என்ன வடிவம் வரும்?" என்று கேட்டேன். அறுபது பேரும் ஒரே குரலில், "முக்கோணம்." முன்பென்றால் உடனே போர்டில் சூத்திரம் எழுதியிருப்பேன். இந்தத் தடவை கடலை மடிக்கிற பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். விளிம்பு வட்டமாக வந்தது. அடி விட்டம் 60, உயரம் 40 என்றால் சாயுயரம் 50. ஆரம் 30ஐ 50ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால் 216 டிகிரி. மூன்றே நிமிடம்.

அன்றைக்கு முடியும் நேரத்தில், அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள். ஆம்பூர் பக்கம். "சார், எங்க மாமா ஷூவுக்கும் இப்படித்தான் எடுப்பாரு."

மறுநாள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் லாஸ்ட்டை எடுத்து வைத்தாள். ஷூ தைக்க அச்சாக வைத்துக்கொள்ளும் கால் வடிவக் கட்டை. குதிகால் பக்கம் உடைந்து கம்பெனியில் கழித்துப்போட்டது. மாமா பேட்டர்ன் மாஸ்டர், அம்மா அதே ஊரில் இன்னொரு ஷூ கம்பெனியில் ஃபோல்டிங் டேபிள், தோலின் ஓரத்தை மடிக்கிற வேலை. கட்டை முழுக்க மாஸ்கிங் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினாள். முன்னும் பின்னும் நடுக்கோடு போட்டாள். பிளேடால் கோட்டின் மேலேயே கீறி, டேப்பை ஒரு தோல் போல உரித்து, அட்டையின் மேல் வைத்து விரலால் தேய்த்துப் படியவைத்தாள். அங்கங்கே சுருக்கம் விழுந்தது. ஓரத்தில் சின்னச் சின்னதாகக் கத்தரித்துவிட்டுச் சுருக்கத்தை எடுத்தாள். உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டும் இப்படி எடுத்து, இரண்டுக்கும் நடுவாக ஒரு கோடு போட்டு அதைத்தான் பேட்டர்ன் ஆக்குவார்களாம்.

எனக்கு வாத்தியார் புத்தி. "பார்த்தீங்களா, கூம்பு சுருக்கமில்லாம விரியுது, இது விரியல. ரெண்டு பக்கமும் வளையுற பரப்பு சரியா விரியாது" என்றேன்.

"அதுக்குத்தான் சார் தோலு," என்றாள். "இழுத்தா வரும்."

வகுப்பு கைதட்டியது. அவளுக்காக.

அடுத்த வருடத்திலிருந்து வரிசையைத் திருப்பிப்போட்டேன். முதல் வகுப்பே அட்டையில் ஹாப்பர் செய்வது. என்னுடைய அதே அளவுகள், பத்தில் ஒரு பங்காக. முன்பக்கத் தோற்றத்தில் அளந்து வெட்டுகிறவர்கள் வெட்டட்டும் என்று விட்டுவிடுவேன். 150 மில்லிமீட்டர் உயரம் வரவேண்டியது 127 வந்து நிற்கும்போது, "சார், இது குள்ளமா போச்சு" என்று கூப்பிடுவார்கள். அந்த மூலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் கோடு நடத்துவது. கோட்டின் முனையைப் பிடித்துக்கொண்டு புள்ளி. புள்ளி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஹாப்பரின் மூலையில் இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். முதல் இன்டர்னல் டெஸ்ட் சிலபஸ் வரிசையில்தான் நடக்கும். என் வகுப்பு அதில் பின்தங்கும், துறைத் தலைவர் கூப்பிட்டு போர்ஷன் என்னாச்சு என்பார். தேர்ச்சி சதவீதம் கொஞ்சம் ஏறியது, ஒரு வருடம் இறங்கவும் செய்தது. டியூப்லைட் வேலை ஹாஸ்டலில் இன்னும் நடக்கிறது. கோடு நடுங்குவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன், தொழில் தெரிந்தவன்.

ஷூ கட்டை வகுப்புக்கு வந்த அந்த வருடம் பெற்றோர் கூட்டம் ஒரு சனிக்கிழமை நடந்தது. அந்தப் பெண்ணின் அம்மா அரைநாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார். மகள் போட்ட ஷீட்டை அறிவிப்புப் பலகையில் மாட்டியிருந்தோம், கூம்பின் இடைக்கண்டத்தை விரித்த படம். 20க்கு 19 போட்டிருந்தேன். எழுத்து ஒன்று கோணலாக இருந்ததற்கு ஒரு மார்க் குறைத்திருந்தேன். அவர் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. படத்தின் விளிம்பை ஆள்காட்டி விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டே போனார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஓரம் மடிக்க எடமே வுடலியே சார். எப்படி ஒட்டுவீங்க?"

"ம்மா, சும்மா இரும்மா" என்றாள் மகள்.

"இல்ல சார், அஞ்சு எம்எம்மாச்சும் வேணும்" என்றார் அவர், கட்டைவிரலை விளிம்பில் வைத்து அளந்து காட்டியபடி.