கின்னியிலிருந்து ஃபுட் லாக்கர் வரை: ஒரு பள்ளி ஓட்டப் போட்டியின் வரலாற்றை வாசித்த நாட்கள்

ஆகஸ்ட் 7, 2024, புதன்

பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் 1500 மீட்டர் இறுதிப் போட்டி நம் நேரப்படி நள்ளிரவு கடந்துதான் நடந்தது. நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சனுக்கும் பிரிட்டனின் ஜோஷ் கெர்ருக்கும் இடையிலான போட்டியாகவே எல்லோரும் அதை எதிர்பார்த்திருந்தார்கள். ஆனால் கடைசி நேர்த்தடத்தில் உட்புற ஓரமாகக் கிடைத்த சிறு இடைவெளியில் புகுந்து முன்னேறிய அமெரிக்காவின் கோல் ஹாக்கர், 3:27.65 என்ற ஒலிம்பிக் சாதனை நேரத்தில் தங்கம் வென்றார். இங்கெப்ரிக்ட்சனுக்குப் பதக்கமே கிடைக்கவில்லை.

அமெரிக்கப் பள்ளிகளின் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு ஹாக்கர் புதியவர் அல்லர். இண்டியானாபொலிஸ் நகரத்துப் பள்ளி மாணவராக இருந்தபோது, 2018ஆம் ஆண்டு டிசம்பரில் சான் டியேகோவில் நடந்த, ஃபுட் லாக்கர் என்ற காலணிக் கடை நிறுவனத்தின் தேசிய கிராஸ் கன்ட்ரி போட்டியில் முதலிடம் பெற்றவர் அவர். புல்லிலும் மண்ணிலும் மேட்டிலும் 5 கிலோமீட்டர் ஓட வேண்டிய அந்தப் போட்டிக்கு 1979 முதல் ஒரு வரலாறு இருக்கிறது. வெற்றியாளர்களின் பெயர்களை மட்டும் அறிந்திருப்பதை விட்டு, அந்த வரலாற்றை இந்த வாரம் முழுமையாக வாசித்து, வாசிப்பதை நாள்தோறும் இங்கே எழுதிவர எண்ணியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

முதலில் எழும் கேள்வி, அமெரிக்கா போன்ற ஒரு நாட்டில் பள்ளி மாணவர்களுக்கான தேசிய ஓட்டப் போட்டியை ஒரு செருப்புக் கடை நிறுவனம் ஏன் நடத்த வேண்டியிருந்தது என்பதுதான். அங்கே பள்ளி விளையாட்டு என்பது மாநிலத்தோடு முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியான பள்ளி விளையாட்டுச் சங்கம் உண்டு, அதற்கென விதிகளும் பருவமும் உண்டு, மாநிலப் பட்டமே அதன் உச்சம். அதற்கு மேலே அதிகாரபூர்வமான தேசியப் பட்டம் என்று ஒன்று இல்லை. கலிஃபோர்னியாவின் சிறந்த மாணவனும் நியூயார்க்கின் சிறந்த மாணவனும் ஒரே கோட்டில் நின்று ஓடாமலேயே பள்ளி வாழ்க்கையை முடித்துவிடுவது வழக்கமாக இருந்தது.

1970களில் அமெரிக்காவெங்கும் ஓட்டத்தின் மீது பெரும் மோகம் பரவியது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஃபிராங்க் ஷார்ட்டர் மாரத்தான் தங்கம் வென்ற பிறகு தெருவெல்லாம் ஓடுகிறவர்கள் தென்பட்டார்கள், ஓட்டக் காலணிகளுக்குச் சந்தை விரிந்தது. உல்வொர்த் நிறுவனத்தின் கையில் இருந்த கின்னி காலணி நிறுவனம் 1974இல் ஃபுட் லாக்கர் என்ற விளையாட்டுக் காலணிக் கடையைத் தொடங்கியது. அதே கின்னியின் பெயரில்தான் 1979 டிசம்பரில் சான் டியேகோவின் பல்போவா பூங்காவில் முதல் தேசியப் போட்டி நடந்தது. முதல் ஆண்டு வெற்றியாளர்கள் பிரென்ட் ஸ்டைனரும் எலன் லயன்ஸும். 1990களில் கின்னியின் பெயர் விலகி ஃபுட் லாக்கரின் பெயர் வந்தது.

விளம்பர நோக்கம் இருந்தது உண்மைதான், அதற்காக அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சங்கங்கள் செய்யாமல் விட்ட வேலையை அது எடுத்துச் செய்தது. மாநிலப் பருவம் முடிந்த பிறகே போட்டியை வைத்ததாலும், மாணவர்கள் பள்ளியின் பெயரில் அல்லாமல் தனிநபர்களாக, தங்கள் மண்டலத்தின் சீருடையில் ஓடியதாலும், சங்க விதிகளோடு மோத வேண்டிய நிலையும் வரவில்லை.

இன்று வாசித்ததில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது வேறொரு செய்தி. முதல் ஆண்டிலிருந்தே மாணவிகளும் மாணவர்களைப் போலவே 5 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார்கள். அந்த 1979இல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஓடக்கூடிய மிக நீண்ட தூரம் 1500 மீட்டர்தான். 3000 மீட்டரும் மாரத்தானும் 1984இல் சேர்ந்தன, 5000 மீட்டர் 1996இல்தான் வந்தது. பதினாறு பதினேழு வயதுச் சிறுமிகள் சான் டியேகோவின் மேடுகளில் ஓடிக் காட்டிய தூரத்தை, ஒலிம்பிக் தடத்தில் பெண்களுக்குத் திறந்துவிட மேலும் 17 ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இந்தப் போட்டியின் உயிர் அதன் மண்டலத் தேர்வுகளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாடு வடகிழக்கு, தெற்கு, மத்திய மேற்கு, மேற்கு என்று நான்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நவம்பர் இறுதியையொட்டி நடக்கும் மண்டலப் போட்டிக்கு எந்தப் பள்ளி மாணவரும் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் முதல் பத்துப் பேர் மட்டுமே தேசியப் போட்டிக்குப் போக முடியும். ஆயிரக்கணக்கானோர் ஓடித் தேறும் 40 மாணவர்களும் 40 மாணவிகளும் மட்டுமே டிசம்பரில் கோட்டில் நிற்கிறார்கள். பதினோராவதாக வந்தவர் ஒரு நொடியில் தவறவிட்டிருந்தாலும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். மாநிலப் பட்டம், முந்தைய சாதனை, பயிற்சியாளரின் பரிந்துரை எதுவும் அந்தக் காலையில் உதவாது.

மண்டலப் போட்டிகள் நடந்துவந்த இடங்களும் தனித்தன்மை உடையவை. மேற்கு மண்டலம் கலிஃபோர்னியாவின் வால்நட்டில் உள்ள மவுண்ட் சான் அன்டோனியோ கல்லூரியின் குன்றுகளில் ஓடியது, தெற்கு சார்லட் நகரின் மெக்கால்பைன் பூங்காவில், மத்திய மேற்கு விஸ்கான்சினின் கெனோஷாவில். வடகிழக்கு மண்டலத்துக்குக் கிடைத்தது நியூயார்க் பிராங்க்ஸில் உள்ள வான் கார்ட்லாண்ட் பூங்கா. அகன்ற புல்வெளியில் நூற்றுக்கணக்கானோர் ஒரே வரிசையில் புறப்பட்டு, ஒடுங்கிய மண்பாதைக்குள் நெருக்கியடித்து நுழைந்து, நெடுஞ்சாலையின் மேலுள்ள பாலத்தைக் கடந்து, மரங்களுக்கிடையிலான பின்குன்றுகளில் ஏறி இறங்கித் திரும்ப வேண்டும். பாதை ஒடுங்கும் இடத்துக்கு முன்பே நல்ல இடத்தைப் பிடிக்காதவர்கள், அதன் பிறகு வலிமை இருந்தாலும் வழி கிடைக்காமல் தவிப்பார்கள். அந்தப் பூங்காவில் கல்லறைக் குன்று என்று ஓட்டக்காரர்கள் அழைக்கும் மேடும் உண்டு. வான் கார்ட்லாண்ட் குடும்பத்தின் கல்லறை அங்கே இருக்கிறது, 1776இல், சுதந்திரப் போரின்போது, நியூயார்க் நகரின் ஆவணங்களை அதற்குள்தான் மறைத்து வைத்தார்கள்.

பல்போவா பூங்காவின் பாதை வேறு வகை. சான் டியேகோவில் டிசம்பரிலும் வெயில் இதமாக இருக்கும், தரை பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும், சேறும் பனியும் யாரையும் காப்பாற்றாது. ஒரு மேட்டை இரண்டு முறை ஏற வேண்டும். முதல் முறை கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிடலாம், இரண்டாவது முறை ஏறும்போதுதான் யார் எஞ்சியிருக்கிறார்கள் என்பது தெரியும். 1993இல் அந்தப் பாதையில் ஆடம் கவுச்சருக்கு அடுத்ததாக இரண்டாமிடம் பிடித்த மெப் கெஃப்ளெஸிகி, எரித்திரியாவிலிருந்து அகதியாக வந்து அதே நகரத்துப் பள்ளியில் படித்தவர். 2004 ஏதென்ஸில் மாரத்தான் வெள்ளியும், 2014இல் பாஸ்டன் மாரத்தானும் அவருக்குக் கிடைத்தன.

ஆகஸ்ட் 10, சனி

போட்டி எப்போதும் சான் டியேகோவிலேயே நடக்கவில்லை, இடையில் சில ஆண்டுகள் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குப் போயிருந்தது. இதன் வரலாற்றில் அதிகம் பேசப்படும் ஓட்டம் நடந்ததும் அங்கேதான், 2000ஆம் ஆண்டு டிசம்பரில்.

அப்போது அமெரிக்க நெடுந்தூர ஓட்டம் தாழ்ந்து கிடந்தது. அந்த ஆண்டு சிட்னி ஒலிம்பிக் மாரத்தானுக்கு அமெரிக்கா ஆண்களில் ஒருவரையும் பெண்களில் ஒருவரையும் மட்டுமே அனுப்ப முடிந்தது என்பதைச் சொன்னால் நிலைமை விளங்கும். அந்தச் சூழலில் மிச்சிகனின் டேதன் ரிட்ஸன்ஹைன், வர்ஜீனியாவின் ஆலன் வெப், கலிஃபோர்னியாவின் ரயன் ஹால் என்ற மூன்று மாணவர்கள் பள்ளியின் கடைசி ஆண்டில் ஒரே கோட்டில் வந்து நின்றார்கள். முந்தைய ஆண்டே வென்றிருந்த ரிட்ஸன்ஹைன், மற்றவர்கள் தொட முடியாத இடைவெளியில் 14:35இல் முடித்தார். வெப் இரண்டாவது, ஹால் மூன்றாவது.

இந்த ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நாளின் பரபரப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பின் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் அதன் அளவு புரிகிறது. ஐந்தே மாதங்களில், 2001 மே மாதம், வெப் ஒரு மைலை 3:53.43இல் ஓடி, ஜிம் ரயன் 1965இல் வைத்திருந்த பள்ளிச் சாதனையை முறியடித்தார். 2007இல் 3:46.91 என்ற மைல் ஓட்ட அமெரிக்கச் சாதனையும் அவருடையதானது. அதே 2007இல் ஹால் ஹூஸ்டனில் அரை மாரத்தானை 59:43இல் ஓடி அமெரிக்கச் சாதனை படைத்தார். 2009இல் ரிட்ஸன்ஹைன் 5000 மீட்டரை 12:56.27இல் ஓடி அந்தத் தூரத்தின் அமெரிக்கச் சாதனையை எடுத்துக்கொண்டார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தானில் ரிட்ஸன்ஹைன் ஒன்பதாவதாகவும் ஹால் பத்தாவதாகவும் அடுத்தடுத்து வந்தார்கள்.

அதே நாளில் மாணவிகளுக்கான ஓட்டத்தில் வென்றவர் கலிஃபோர்னியாவின் சாரா பேய். பின்னாளில் ரயன் ஹாலை மணந்து சாரா ஹால் ஆனவர் இவரே. 2022இல், கணவர் சாதனை படைத்த அதே ஹூஸ்டனில், அரை மாரத்தானை 1:07:15இல் ஓடி அப்போதைய அமெரிக்கச் சாதனையைப் படைத்தார். ஒரே நாளில் ஓடிய நான்கு பள்ளிப் பிள்ளைகள் பின்னர் நான்கு அமெரிக்கச் சாதனைகளுக்குச் சொந்தக்காரர்களானது எந்த நாட்டின் பள்ளிப் போட்டிக்கும் பெருமையே.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்றிரவு பாரிஸில் கிராண்ட் ஃபிஷர் 5000 மீட்டரில் வெண்கலம் வென்றார். ஏற்கெனவே 10,000 மீட்டரிலும் வெண்கலம் பெற்றிருந்ததால், ஒரே ஒலிம்பிக்கில் இந்த இரண்டு தூரங்களிலும் பதக்கம் பெற்ற முதல் அமெரிக்கர் ஆனார். அவர் 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஃபுட் லாக்கர் வெற்றியாளர். 1987இல் வென்ற பாப் கென்னடி 1996இல் ஏற்படுத்திய 5000 மீட்டர் அமெரிக்கச் சாதனையை ரிட்ஸன்ஹைன் முறியடித்தார், அது பெர்னார்ட் லகாட் வழியாக 2022இல் ஃபிஷரின் கைக்கு வந்தது.

மாணவிகளின் பட்டியல் இப்படி நேராகச் செல்லவில்லை, அதைப் பற்றித்தான் இன்று எழுத விரும்பினேன். கொலராடோவின் மெலடி ஃபேர்சைல்ட் 1989இலும் 1990இலும் வென்றார். இரண்டாவது முறை அவர் ஓடிய 16:39 என்ற நேரம் பல தலைமுறை மாணவிகளுக்கு அளவுகோலாக நின்றது. ஆனாலும் 1979 முதல் வென்ற மாணவிகளில் ஒருவர்கூடப் பல்கலைக்கழகங்களுக்கான தேசிய கிராஸ் கன்ட்ரி பட்டத்தை வெல்லாமல் ஆண்டுகள் கழிந்தன. மாணவர்களிலோ கென்னடி, கவுச்சர், ஹொர்ஹே டோரஸ், ரிட்ஸன்ஹைன், எட்வர்ட் செசெரெக் என்று பலர் இரண்டையும் வென்றார்கள். இதை ஃபுட் லாக்கர் சாபம் என்றே பேசத் தொடங்கினார்கள்.

அந்தப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. பதினாறு வயதில் வென்ற ஒரு பெண்ணின் உடல் இருபது வயதுக்குள் இயல்பாக மாறுகிறது. அந்த மாற்றத்தைப் பொறுத்திருந்து கடக்க விடாமல், எடையைக் குறைக்கச் சொல்லும் பயிற்சி முறைகளும், உணவைச் சுருக்குவதால் வரும் எலும்பு முறிவுகளும் எத்தனையோ பேரைத் தடத்திலிருந்து அகற்றியிருக்கின்றன. காரணங்கள் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அதைச் சாபம் என்பது, பொறுப்பானவர்களை விட்டுவிட்டுச் சிறுமிகளின் தலையில் பழியைப் போடுவதாகும்.

2011இல் வென்ற விஸ்கான்சினின் மாலி சைடல், 2015இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்காக ஓடி ஃபுட் லாக்கரில் வென்ற மாணவிகளில் அந்தப் பட்டத்தை வென்ற முதல்வர் ஆனார். உணவுக் கோளாறால் தாம் பட்ட பாட்டை அவர் வெளிப்படையாகப் பேசினார். 2021இல், தம் வாழ்க்கையின் மூன்றாவது மாரத்தானிலேயே, டோக்கியோ ஒலிம்பிக்கின் வெண்கலத்தை வென்றார். ஒன்பதாம் வகுப்பிலேயே 2005இல் வென்று, இடையில் இரண்டு ஆண்டுகள் தோற்று, 2008இல் பள்ளியின் கடைசி ஆண்டில் மீண்டும் வென்ற ஜோர்டன் ஹசேயையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது வெற்றி முதலாவதைவிட அரிதானது என்பதே என் கருத்து.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

2004இல் நைக்கி நிறுவனம் ஆரிகனின் போர்ட்லாண்டில், ஒரு குதிரைப் பந்தயத் திடலில், அணிகளுக்கான தேசியப் போட்டியைத் தொடங்கியது. பள்ளிப் பெயரில் ஓடச் சங்க விதிகள் இடம் தராததால் அணிகள் கழகப் பெயர்களில் வந்தன. நியூயார்க் மாநிலத்தின் ஃபேயட்வில்-மேன்லியஸ் மாணவிகள் இப்படி 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றார்கள். தனியாக வந்தவர்களுக்கும் அங்கே இடம் உண்டு என்றாலும், அந்தப் போட்டியின் மையம் அணிதான். இரண்டும் டிசம்பரில் ஒரு வார இடைவெளியில் நடந்ததால் சிறந்த மாணவர்கள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. 2010இல் இலினாயின் லூகஸ் வெர்ஸ்பிகாஸ் இரண்டிலும் ஓடி இரண்டிலும் வென்றார். 2020இல் கொரோனாவால் இரண்டுமே நடக்கவில்லை. 2021இல் பழைய போட்டி, ஃபுட் லாக்கரின் துணை நிறுவனமான ஈஸ்ட்பேயின் பெயரில் திரும்பியது.

அணி ஓட்டத்தின் அழகை நான் மறுக்கவில்லை. ஐந்து பேரின் இடங்களைக் கூட்டி வெற்றியைக் கணக்கிடும் முறையில், ஐந்தாவதாக வரும் மாணவனின் உழைப்பும் முதலாவதாக வருபவனின் உழைப்புக்குச் சமமாகிறது. ஆனால் இரண்டில் ஒன்றுதான் நிலைக்கும் என்ற நிலை வந்தால், மண்டலத் தேர்வு எல்லோருக்கும் திறந்திருக்கும் பழைய போட்டியே நிலைக்க வேண்டும் என்று விரும்புவேன். ரயன் ஹால் வளர்ந்த பிக் பேர் லேக், கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே மலையில் உள்ள சிற்றூர். அவ்வூர்ப் பள்ளியில் கிராஸ் கன்ட்ரி அணி இருக்கவில்லை, அவருடைய தந்தைதான் ஓர் அணியைத் தொடங்கிப் பயிற்சியும் கொடுத்தார். அந்தப் பள்ளியிலிருந்து ஒரு மாணவன் தேசியப் போட்டியின் மூன்றாமிடம் வரை போக முடிந்தது, மண்டலப் போட்டியில் பெயரைப் பதிவு செய்துகொண்டு முதல் பத்துக்குள் வந்ததால்தான்.