ஹுலகன் முதல் உலான் வரை: உதிர்ந்த முதல் ஒலியைத் தேடிய அனுபவம்

கடந்த மூன்று மாதங்களாக, ‘சிவப்பு’ என்று பொருள்படும் ஒரே ஒரு மூல மங்கோலியச் (இன்றைய மங்கோலிய மொழிகளுக்கெல்லாம் தாயான மொழியின்) சொல்லின் வழிமரபைத் தாளில் வரைந்து வருகிறேன். 1924இல் மங்கோலியத் தலைநகருக்கு இடப்பட்ட, ‘செவ்வீரன்’ எனப் பொருள்படும் உலான்பாத்தர் என்ற பெயரில் உள்ள ‘உலான்’தான் என் தொடக்கம். அதன் உறவு மொழிகளுள் புரியாத்திலும் அது உலான்தான், கல்மிக்கில் உலன்.

சீனத்தின் ஓரங்களில் வழங்கும் மொழிகளுக்குச் சென்றபோது வரைபடம் குலைந்தது. சிங்காய் மாகாணத்து மங்குவர் மொழியில் இச்சொல் ஃபுலான். கான்சுவின் தோங்சியாங்கிலும் வடகிழக்கின் தாகுரிலும் ஏறத்தாழ ஹுலான். இந்த ஹகரம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது என்று முதலில் குறித்தேன், அது தவறு. ‘வாய்’ என்னும் சொல்லை எடுத்துச் சோதித்தபோது, பழைய அமன் மங்குவரில் அமா என்றும் தாகுரில் அம் என்றும் ஹகரமின்றியே இருப்பதைக் கண்டேன். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களுக்கெல்லாம் ஹகரம் சேர்ப்பது இம்மொழிகளின் வழக்கமாக இருந்திருந்தால், இச்சொல் மட்டும் எப்படித் தப்பியிருக்கும்?

விடை பழைய பதிவுகளில் இருந்தது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘மங்கோலியரின் இரகசிய வரலாறு’ சீன எழுத்துகளில் ஒலிபெயர்க்கப்பட்டு எஞ்சியிருப்பதால், அதில் இச்சொல் ஹுலஅன் என்று ஹகரத்தோடு தெளிவாக நிற்கிறது. உய்குர் வழிவந்த மங்கோலிய எழுத்தில் அந்த ஹகரத்துக்குக் குறியில்லை. ஆனால் அது உலகன் என்று எழுதி, பேச்சில் தேய்ந்த நடுக் ககரத்தைக் காத்திருக்கிறது. ஒன்று முதலையும் மற்றொன்று இடையையும் காத்ததால், இரண்டையும் சேர்த்து *ஹுலகன் என மீட்டுருவாக்க முடிந்தது (உடுக்குறி, இவ்வடிவம் ஊகித்துப் பெற்றது என்பதைக் காட்டும்). இந்த முயற்சியிலேயே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த நாள் அதுதான்.

மங்குவரின் ஃபகரம் அதனினும் பழைய பகரத்தின் எச்சம் என்று சில நாள் நம்பினேன். ஆனால் பழைய ஹகரத்தில் தொடங்கிய இரு சொற்களுள் ‘பத்து’ அங்கே ஹரான், ‘விண்மீன்’ ஃபோதி. உகர ஒகரங்களின் முன் இதழ் குவிவதால் ஹகரமே ஃபகரமாகியிருக்கிறது என்று திருத்திக்கொண்டேன். அதற்கும் முன்னே ஒரு பகரம் இருந்ததாக அறிஞர்கள் கொள்வது தனிச் செய்தி. நம் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ ஆனதை அறிந்தவர்களுக்கு அந்த மாற்றம் வியப்பளிக்காது.

மங்கோலியக் குடும்பத்தைச் சேராத மஞ்சு மொழியில் ‘சிவப்பு’ எனப் பொருள்படும் ஃபுல்கியனை இப்போதைக்கு ஓரத்தில் புள்ளிக்கோட்டால் மட்டும் இணைத்திருக்கிறேன். கடன் சொல்லா, பொது மூலமா என்னும் வழக்கு அறிஞரிடையே இன்னும் முடியவில்லை. அடுத்த தாளில் ‘விண்மீன்’ என்னும் சொல்லை, பழைய ஹொதுனிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.