கழற்ற அரை மணி நேரம், மாட்ட மூன்று ஞாயிறு

சித்தப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் நான்கு வருடமாக மாட்டுக்கொட்டகை ஓரத்தில் யூரியா சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தது. 93 மாடல். எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். அவர் வண்டி வாங்கியபோது கிருஷ்ணகிரியெல்லாம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது, 2004-ல்தான் பிரித்தார்கள். அதனால் ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் பழைய மாவட்டம்தான். கம்பெனி அந்த வண்டியைச் செய்வதை 1996-லேயே நிறுத்திவிட்டது. இன்றைக்கு நல்ல நிலையில் ஒன்று இருந்தால் புது வண்டி விலை கேட்கிறார்கள். சித்தப்பா விற்கவும் மாட்டார், ஓட்டவும் மாட்டார்.

ஓட்டாததற்குக் காரணம் உண்டு. காலையில் இரண்டாவது உதையில் கிளம்பிவிடும். ஐந்து கிலோமீட்டர் போய் எஞ்சின் சூடானதும் ஆக்சிலேட்டரை முழுசாக விட்டாலும் ரேசிங், அதாவது எஞ்சின் வேகம், இறங்காது. சிக்னலில் நின்றால் அது பாட்டுக்கு 'ங்ஙீ' என்று கத்திக்கொண்டே நிற்கும், அப்புறம் மெதுவாக மனசு வந்து இறங்கும். மூன்று மெக்கானிக் பார்த்தாயிற்று. ஒருவர் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திருகினார். இன்னொருவர் பெட்ரோல் வரும் துளையுள்ள மெயின் ஜெட்டைப் பெரிதாக மாற்றினார். மூன்றாமவர் "பழைய வண்டிண்ணா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். அன்றைக்குச் சாக்கு போர்த்தியதுதான்.

எனக்குத் தொழில் இது இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். மாங்காய் சீசன் முடிந்து வீட்டில் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்ட நேரத்தில், "நான் கார்பரேட்டரைக் கழற்றிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம் அது. "மூணு பேரு பாத்து ஆகாதது நீ பாத்து ஆயிடப்போவுதா? சரி, பாரு. ஸ்க்ரூ எதையும் தொலைச்சிராத" என்றார் சித்தப்பா. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை.

கழற்றுவதில் ஒன்றும் இல்லை. பெட்ரோல் காக்கை (டேங்க் அடியில் இருக்கும் திருகு வால்வு) அடைத்து, குழாயை உருவி, இரண்டு பக்க கிளாம்பையும் தளர்த்தி, மேல் மூடியைத் திருகினால் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு கேபிளோடு மேலே வந்துவிடும். ஒரே ஒரு இடம்தான் சிக்கல். கீழே பெட்ரோல் தேங்கி நிற்கும் கப்பின் ஸ்டார் ஸ்க்ரூக்கள் ஜப்பான் அளவு. நம் வீட்டு ஸ்க்ரூ டிரைவரின் முனை அதில் முழுசாக உட்காராது, அழுத்தித் திருகினால் தலை வழுக்கிப் போய்விடும். முனையைக் கொஞ்சம் அரத்தில் ராவிக்கொண்டு, பின்னால் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டிவிட்டுத் திருகினால் விட்டுக்கொடுக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இது ஒன்றுதான் முதல் நாள் நான் செய்த புத்திசாலித்தனம்.

கப்பைத் திறந்தால் உள்ளே பெட்ரோலே இல்லை. அடியில் பனைவெல்லப் பாகு காய்ந்த மாதிரி ஒரு படலம், மூலைகளில் வெள்ளைப் பொடி. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாள்கணக்கில் நின்றால் உலோகத்தை அரிக்கும். இப்போது பங்கில் போடுவதில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் இதை நினைத்துச் செய்ததில்லை. ஆகவே நிறுத்தி வைக்கும் வண்டி என்றால் கப்பின் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கப்பில் மிச்சமிருக்கும் பெட்ரோலையும் வடித்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட் முழு அடைப்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவு ஒளி தெரிய வேண்டும், இதில் இருட்டு. ஊக்கு, கிளட்ச் கேபிள் இழை எதையும் உள்ளே விடாதீர்கள். ஜெட் பித்தளை, எஃகுக் கம்பி அந்தத் துளையைப் பெரிதாக்கிவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் டியூனிங் நிற்காது. ஒரு பழைய வயரைச் சீவி அதிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்து, ராத்திரி முழுக்கத் தின்னரில் ஊறிய ஜெட்டில் மெதுவாக விட்டேன். மூன்றாவது முறை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. சுற்றி ஒரு சின்ன நட்சத்திரம் மாதிரி வெளிச்சம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்பரேட்டர் பாடியின் உள்ளே உள்ள வழிகளுக்குக் காற்று அடிக்க வேண்டும். அதைத் துண்டில் சுற்றி பஞ்சர் கடைக்கு எடுத்துப்போனேன். "என்ன தம்பி, பச்சப்புள்ளையத் தூக்கிட்டு வர்ற மாதிரி வர்ற?" என்றார் கடை அண்ணன். ஒரு துளையில் அழுத்தி அடித்ததும் இன்னொரு துளை வழியாகத் தின்னரும் அழுக்கும் சேர்ந்து என் முகத்தில் பீய்ச்சியது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது.

அடுத்த ஞாயிறு மாட்டும் வேலை. ஸ்லைடுக்குள் தொங்கும் நீடிலில் ஐந்து வெட்டுகள் உண்டு, அதில் ஒன்றில் ஒரு குட்டிக் கிளிப் கடித்துக்கொண்டிருக்கும். கிளிப்பைக் கீழே இறக்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். நடு வெட்டில் இருந்தது என்று படத்தில் தெரிந்தது. அதைத் திரும்ப மாட்டும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். கையில் நீடில் இருக்கிறது, கிளிப் இல்லை. வாசல் முழுக்க மண். அம்மா துடைப்பத்தோடு வந்தார், வேண்டாம் என்று தடுத்துவிட்டு, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பிடுங்கிக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டே போனேன். எங்கள் மண்ணில் கரும்பொடி அதிகம், காந்தத்துக்குத் தாடி முளைத்துவிட்டது. அந்தத் தாடியைக் கோதிக் கோதிப் பார்த்ததில், ஒரு மணி நேரம் கழித்து, கிளிப் அதற்குள் இருந்தது. பித்தளை ஜெட் விழுந்திருந்தால் காந்தமும் கைவிட்டிருக்கும். அப்புறம்தான் எல்லாவற்றையும் எவர்சில்வர் தாம்பாளத்துக்குள் வைத்து வேலை செய்தேன்.

கப் நிறைந்ததும் ஊசியைத் தள்ளிப் பெட்ரோல் வழியை அடைக்கும் மிதவையைப் பொருத்திய பிறகு ஒரு சோதனை. கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் முனையில் குழாய் செருகி வாயால் ஊத வேண்டும். மிதவையின் எடையில் ஊசி அடைத்துக்கொள்ளும், காற்று போகக் கூடாது. நேராகத் திருப்பினால் போக வேண்டும். நாக்கில் பெட்ரோல் ருசி இரண்டு நாள் நிற்கும், காபி குடித்தாலும் போகாது.

இனி அவமானக் கதை. ஸ்லைடின் பக்கவாட்டில் நீளமாக ஒரு காடி இருக்கும், பாடிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முனை அதில் வந்து விழ வேண்டும். வெட்டுப்பட்ட பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். நான் அவசரத்தில் கொஞ்சம் கோணலாக விட்டு, போகாததை 'ஸ்ப்ரிங் டைட்டு' என்று நினைத்து, மூடியை அமுக்கித் திருகிவிட்டேன். ஸ்லைடு பாதி தூக்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. ஒரே உதைதான். வண்டி அலறிய அலறலில் கட்டுத்தறியிலிருந்த கிடாரி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் கூரை மேல். சாவியைத் திருப்ப எனக்கு நான்கு நொடி ஆகியிருக்கலாம், நாற்பது மாதிரி இருந்தது. சித்தப்பா திண்ணையிலிருந்து எழுந்திருக்கவேயில்லை. "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார். மூடியைப் போட்டதும், உதைப்பதற்கு முன்னால், ஆக்சிலேட்டரை முறுக்கிச் சட்டென்று விடுங்கள். ஸ்லைடு அடியில் போய் 'டக்' என்று இடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பியும் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கிக்கர் பக்கமே கால் போகக் கூடாது.

சரி செய்து மாட்டினேன், அழகாகக் கிளம்பியது. நாலு கிலோமீட்டர் போய் வந்தேன். அதே பழைய கத்தல். ரேசிங் இறங்கவில்லை.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்ததுதான் இந்த முழு வேலையிலும் உருப்படியானது. மெயின் ஜெட் வேலை செய்வது ஆக்சிலேட்டரை முக்கால்வாசிக்கு மேல் முறுக்கும்போது. நடுப்பகுதி நீடிலுடையது. மூடிய நிலையில் பேசுவது ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். கத்தல் வருவது மூடிய நிலையில், அப்படியிருக்க மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி என்ன பிரயோசனம்? ஸ்லோ ஜெட்டும் இப்போது சுத்தம். பெட்ரோல் பக்கம் எல்லாம் சரி என்றால், காற்று? கணக்கில் வராத காற்று வேறெங்கோ நுழைகிறது. எங்கள் ஆபீசில் இருப்பு உதைத்தால் நாங்களும் இப்படித்தான் தேடுவோம், எழுதாத வரவு ஒன்று இருக்கும்.

மூன்றாவது ஞாயிறு, வண்டியைச் சூடாக்கிக் கத்தவிட்டு, அம்மா செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஜாயிண்டின் அடிப்பக்கம் அடித்தேன். சத்தம் உடனே தடுமாறி இறங்கியது. தண்ணீர் போனதும் மறுபடி ஏறியது. கழற்றி வளைத்துப் பார்த்தால் குதிகால் வெடிப்பு மாதிரி கீழே நாலைந்து பிளவு. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஞ்சின் சூடானதும் ரப்பர் இளகி வாயைத் திறக்கும், காற்றை உறிஞ்சும். கார்பரேட்டரின் மேல் ஒரு குற்றமும் இல்லை. இந்த மாதிரி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இது வெறும் சத்தத் தொல்லையும் இல்லை. காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு ஏறும், ஒரு நாள் நெடுஞ்சாலையில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சித்தப்பா ஓட்டாமல் நிறுத்தியது ஒரு வகையில் புண்ணியம்.

புது ஜாயிண்ட் கிருஷ்ணகிரியிலேயே கிடைத்தது, ஆனால் கட்டை மாதிரி இருந்தது, கிளாம்பை இறுக்கினாலும் மசியவில்லை. வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் நண்பன் ஒருவனை விட்டு வேறு வாங்கினேன். விரலால் அமுக்கினால் அமுங்கித் திரும்ப வேண்டும், அதுதான் பரீட்சை. கேஸ்கெட்டும் புதிது போட்டு இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி இறுக்கினேன், ஒன்றை முதலிலேயே முழுசாக இறுக்கினால் ஓரம் தூக்கும். மாட்டும் முன் ஜாயிண்டை ஐந்து நிமிடம் வெந்நீரில் போட்டேன் (அம்மாவின் பால் சொம்பு, இன்னும் சொல்லவில்லை). முதலில் ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பருக்குள் கார்பரேட்டரைப் பின்னுக்கு அழுத்தி, அப்புறம் முன்பக்கம் ஜாயிண்டில் ஏற்ற வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்து முதல் தடவை அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஆக்சிலேட்டர் கேபிள்தான் எஞ்சினுக்கு ஆயில் ஊட்டும் பம்ப்பையும் இழுக்கிறது, எனவே பம்ப்பின் குறி நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள். பயத்துக்கு முதல் இரண்டு லிட்டர் பெட்ரோலில் கொஞ்சம் 2டி ஆயிலையும் (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) கலந்துகொண்டேன்.

ஏர் ஸ்க்ரூவை மென்மையாக முழுசாக மூடி ஒன்றரைச் சுற்று வெளியே. அது தொடக்கம் மட்டும்தான், எஞ்சின் சூடான பிறகு காதை வைத்துக் கால் கால் சுற்றாகத் தேட வேண்டும். சித்தப்பா பத்திரமாகக் காகிதத்தில் மடித்து வைத்திருந்த பழைய மெயின் ஜெட்டையும் திரும்பப் போட்டாயிற்று. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை வரை ஓட்டிப்போய், வறுத்த மீன் ஒரு தட்டு வாங்கித் தின்றுகொண்டே ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெளுப்பும் இல்லை, கரியும் இல்லை, காபித்தூள் நிறம், கலவை சரி என்று அர்த்தம். ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி சட்டென்று இறங்கி 'டங்க்டங்க்டங்க்' என்று நின்றது.

ஒரு குறை பாக்கி. ராத்திரி நிறுத்தினால் ஓவர்ஃப்ளோ குழாயில் இரண்டு சொட்டு பெட்ரோல் நிற்கிறது, மிதவை ஊசி தேய்ந்திருக்கிறது போல. புது ஊசி வரும் வரை காக்கை அடைத்து வைக்க வேண்டும். சித்தப்பா மறந்துவிடுவார் என்று கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் 'காக்கை மூடவும்' என்று பெரிதாக எழுதிவைத்தேன். மறுநாள் காலை அம்மா கேட்கிறார், எந்தக் காக்கையை, எதற்கு மூடவேண்டும் என்று.