நாற்காலியின் உயரம்

2016 ஆகஸ்டில் எங்கள் அலுவலகத்து டேட்டாபேஸ் பெரியவர் வீட்டுக் கூரையில் சருகு அள்ள ஏறி, ஏணியோடு சரிந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதே மாதம் 25ஆம் தேதி சியாட்டிலில் நடந்த ஒரு முன்னோட்ட ஆட்டத்தில், டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் டோனி ரோமோ பின்னாலிருந்து வந்த ஒரு பிடியில் மடங்கி விழுந்தார். முதுகுத்தண்டில் எல்1 எலும்பு நசுங்கியிருக்கிறது என்று இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. அன்றைக்குத்தான் நான் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பெரியவர் தன் இடுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. “போச்சு. இந்த வருஷமும் போச்சு” என்றார்.

‘இந்த வருஷமும்’ என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முந்தைய சீசனில் ரோமோவுக்குக் காறையெலும்பு இரண்டு முறை உடைந்தது. அவர் ஆடிய 4 ஆட்டங்களில் 3 வெற்றி. அவர் இல்லாத 12 ஆட்டங்களில் ஒன்றே ஒன்று. பதிலுக்கு மூன்று பேரை மாற்றி மாற்றி இறக்கிப் பார்த்தும் ஒருவரும் தேறவில்லை.

நான் டாலஸ் பக்கம் வந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அமெரிக்கக் கால்பந்து என்றால் ஆளுக்கு ஆள் முட்டிக்கொள்கிற கூத்து என்ற அளவில்தான் என் ஞானம். பெரியவர்தான் மதியச் சாப்பாட்டு வேளையில் காகிதத் தட்டைத் திருப்பிப்போட்டு, வட்டமும் பெருக்கல் குறியும் வரைந்து சொல்லிக்கொடுத்தார். குவார்ட்டர்பேக்கைக் கிரிக்கெட் கேப்டனோடு ஒப்பிட்டு நான் ஏதோ சொல்லப்போக, அவருக்குக் கிரிக்கெட்டும் தெரியாததால் அது அங்கேயே முடிந்தது. இப்போது யோசித்தால் அந்த ஒப்பீடு போதாது. கிரிக்கெட்டில் கேப்டன் ஒரு மணி நேரம் சும்மா ஸ்லிப்பில் நிற்கலாம். இங்கே அணி தாக்கி ஆடும்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கையில்தான் வரும். 40 விநாடிக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் பயிற்சியாளர் அடுத்த ஆட்டமுறையைச் சொல்வார். 15 விநாடி மீதி இருக்கும்போது அந்த ஸ்பீக்கர் தானாக அறுந்துவிடும். அதற்குள் கேட்டதை, பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி, சுற்றி நிற்கும் பத்துப் பேரிடம் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். அதற்கப்புறம் தனி ஆள்தான். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் சொன்னதையே மாற்ற வேண்டும்.

ரோமோ இடத்துக்கு வந்தவர் டேக் பிரெஸ்காட். வயது 23. மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து, அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் அந்த வருடத் தேர்வில் 135ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அவருக்கு முன் ஏழு குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். கவ்பாய்ஸ் உண்மையில் ஆசைப்பட்டதும் வேறு இரண்டு பேர் மீது. அந்த இருவரையும் டென்வரும் ஓக்லண்டும் முந்திக்கொண்டு எடுத்துவிட்டன. வந்தவருக்கும் மூன்றாவது இடம்தான். ரோமோவுக்கு அடுத்திருந்த கெல்லன் மூர் பயிற்சி முகாமிலேயே காலை முறித்துக்கொண்டதால் அவர் இரண்டாவது ஆனார். மூன்று வாரம் கழித்து முதலாவது. கல்லூரியில் பெரும்பாலும் நாலைந்து கஜம் பின்னால் நின்றே பந்தை வாங்கிப் பழகியவர். இங்கே பந்தைக் கால் இடுக்கு வழியாகப் பின்னால் கொடுக்கும் சென்டருக்குப் பின்னால் ஒட்டி நின்று, கையில் வாங்கி, எதிரணிக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஓடும் கால்வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தார். குருவி தலையில் பனங்காய் என்று நம் ஊரில் சொல்வார்களே, அது.

என் தலையில் விழுந்தது அதைவிடச் சின்னக் காய். நான் டீமில் இரண்டாமவன். எங்கள் இரவு பேட்ச், அதாவது ராத்திரியில் வரிசையாக ஓடும் கணினி வேலைகள், 11 மணிக்குத் தொடங்கும். 3 மணிக்குக் கோப்புகள் வெளியே போயாக வேண்டும். பெரியவர் அதைப் பல வருடங்களாக நடத்திவந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பார்ப்பதற்கும் செய்வதற்கும் உள்ள தூரம் முதல் ராத்திரியே தெரிந்தது. வேலை தெரியாமல் இல்லை. கமாண்டெல்லாம் விரல் நுனியில் இருந்தது. வாய்தான் வரவில்லை. கான்ஃபரன்ஸ் காலில் நெட்வொர்க், ஸ்டோரேஜ், அப்ளிகேஷன் என்று பத்துப் பேர் காத்திருப்பார்கள். “அடுத்தது என்ன?” என்று ஒரு குரல் கேட்கும். பெரியவர் ஒரே சொல்லில் முடிப்பதை நான் ஆறு வாக்கியத்தில் சொல்வேன். கடைசியில் “சரிதானே?” என்று வேறு கேட்டு வைப்பேன். அந்த “சரிதானே”வுக்குப் பிறகு வரும் மௌனம் இருக்கிறதே, அதை இன்னும் மறக்கவில்லை.

செப்டம்பர் 11, பிரெஸ்காட்டின் முதல் ஆட்டம். ஆர்லிங்டனில், நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக. பெரியவர் வீட்டு ஹாலில், அவருடைய வாக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பையன் 45 முறை எறிந்தான், ஒரு பந்தைக்கூட எதிரணி பறிக்கவில்லை. ஆனால் எறிந்து ஒரு டச்டவுனும் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) இல்லை. கவ்பாய்ஸ் 20–19 என்று ஒரு புள்ளி பின்தங்கியிருக்க, கடைசி விநாடிகளில் டெரன்ஸ் வில்லியம்ஸ் பந்தைப் பிடித்தார். பிடித்தவர் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தால் கடிகாரம் நின்றிருக்கும். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்க நீண்ட தூர உதையாவது ஒன்று முயன்றிருக்கலாம். அவர் இன்னும் நாலு கஜம் கிடைக்கும் என்று மைதானத்துக்கு உள்பக்கமாகத் திரும்பினார். கீழே தள்ளினார்கள். நேரம் கரைந்தது.

“வெளியே போடா!” என்று பெரியவர் போட்ட சத்தத்தில் அவர் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் அதையே செய்தேன். ஒரு பெரிய டேபிளின் இண்டெக்ஸ், தேடலை வேகப்படுத்தும் பட்டியல், வீங்கிக் கிடந்தது. மணி 1:30. பேட்ச் சீராகப் போய்க்கொண்டிருந்தது. சும்மா இருந்திருக்கலாம். அரை மணியில் இதையும் சரிசெய்துவிட்டால் மேனேஜர் கண்ணில் படும் என்று ஒரு ஆசை. அது டேபிளைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்ற வேலைகளெல்லாம் நகரவில்லை. கோப்பு 22 நிமிடம் தாமதமாகப் போனது. திங்கட்கிழமை நடந்த கூட்டத்தில் யாரும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. போனில் பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “நாலு கஜத்துக்கு ஆசைப்பட்டாயா?” என்றார்.

அந்தத் தோல்விக்குப் பிறகு கவ்பாய்ஸ் தொடர்ந்து 11 ஆட்டங்களில் ஜெயித்தது. பிரெஸ்காட் தன் முதல் 176 எறிதல்களில் ஒன்றைக்கூட எதிரணிக்குக் கொடுக்கவில்லை. அறிமுகத்திலிருந்து அப்படி 162 என்று டாம் பிரேடி வைத்திருந்த சாதனை உடைந்தது. ஊரே அவர் பேராக இருந்தது. ஒரு நாள் ஓரத்தில் உட்கார்ந்தபடி தண்ணீர்க் கோப்பையைக் குப்பைத் தொட்டியில் எறிந்தார், தவறி வெளியே விழுந்தது, எழுந்து போய்ப் பொறுக்கித் தொட்டியில் போட்டார். அந்த வீடியோவை ஊர் முழுக்கப் பகிர்ந்து, அவதார புருஷன் வந்துவிட்டான் என்கிற மாதிரி கொண்டாடினார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. எங்கள் ஆயாவிடம் வளர்ந்த எவனும் அதைச் செய்வான்.

எனக்கு உறைத்தது வேறு ஒன்று, அதுவும் மெதுவாகத்தான் உறைத்தது. அந்தப் பையனிடம் எவ்வளவு குறைவாகக் கேட்டார்கள் என்பது. அதே வருடம் சேர்ந்த எசக்கியேல் எலியட் பந்தோடு 1,631 கஜம் ஓடி லீகிலேயே முதலிடத்தில் இருந்தார். முன்வரிசையில் டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடெரிக், சாக் மார்ட்டின் என்று சுவர் மாதிரி ஆட்கள். அவசரத்துக்குத் தூக்கிப்போட்டால் பிடிக்க ஜேசன் விட்டன், அணியில் பதினான்காவது வருடம். தலைமைப் பயிற்சியாளர் ஜேசன் காரட் 1994 நன்றியறிவிப்பு நாளில், முன்னால் இருந்த இருவரும் அடிபட்டதால், மூன்றாவது ஆளாக இறங்கி இதே அணிக்காக கிரீன் பேவை 42–31 என்று ஜெயித்தவர். பதிலி ஆளுக்கு என்ன சொல்ல வேண்டும், அதைவிட என்ன சொல்லக் கூடாது என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

என் விஷயத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ரொம்ப நாள் கழித்துப் பழைய மின்னஞ்சல்களைத் தேடும்போது ஒன்று கண்ணில் பட்டது. அந்த 22 நிமிடத்துக்கு மறுநாளே, மூன்று மாதத்துக்குப் புதிய மாற்றம் எதுவும் பேட்ச்சில் ஏறக் கூடாது என்று மேனேஜர் எல்லா டீம்களுக்கும் எழுதியிருந்தார். என் பெயர் அதில் இல்லை. ஸ்டோரேஜ்காரர் ஒருவர் தினமும் 10:30க்கே உள்ளே வந்து நான் பார்க்க வேண்டியதில் பாதியைப் பார்த்துவைத்திருக்கிறார். நானோ அந்த மூன்று மாதமும் தேரை ஒற்றை ஆளாக இழுத்ததாக ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தேன்.

நவம்பரில், நன்றியறிவிப்பு நாளுக்கு முந்தைய வாரம், பெரியவர் கைத்தடியோடு வேலைக்குத் திரும்பினார். நான் அவர் நாற்காலியில் இருந்தேன். அவர் ஆறடிக்கு மேல், நான் ஐந்தரை. அதனால் உயரத்தை நன்றாக இறக்கி வைத்திருந்தேன். எழுந்து லீவரைத் தேடினேன். “இரு, இரு” என்று சொல்லிவிட்டு, விருந்தாளிகளுக்குப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அன்றைக்கு முழுக்க அதில்தான் இருந்தார்.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை, நவம்பர் 15, ரோமோ பத்திரிகையாளர்கள் முன் ஒரு தாளை வைத்துக்கொண்டு படித்தார். முதுகு தேறிவிட்டது, ஆனால் அணி 8–1 என்று பறந்துகொண்டிருக்கிறது. பிரெஸ்காட் அந்த இடத்தைச் சம்பாதித்துவிட்டார் என்று தன் வாயாலேயே சொன்னார். அடிபட்டு ஒதுங்கிக் கிடந்த நாட்களில் தான் ஒரு வெளியாள் மாதிரி உணர்ந்ததையும், அது எவ்வளவு இருட்டான இடம் என்பதையும் மறைக்கவில்லை. நானும் ஒரு காலத்தில் அந்தப் பையனாக இருந்தவன்தான் என்றார். அது வாஸ்தவம். 2003இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல் வந்து சேர்ந்து, மூன்று வருடத்துக்கும் மேல் பெஞ்சில் இருந்து, 2006இல் ஒரு ஆட்டத்தின் இடைவேளையில் ட்ரூ பிளெட்சோவின் இடத்தைப் பிடித்தவர் ரோமோ. அந்த பிளெட்சோவோ 2001இல் நியூ இங்கிலாந்தில் அடிபட்டுப் படுத்தபோது டாம் பிரேடியிடம் இடத்தை இழந்தவர். ஒரே மனிதர் இரண்டு பேருக்கு நாற்காலி விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பதைப் பெரியவர்தான் எனக்குச் சொன்னார்.

சாப்பாட்டு அறையில் அவர் போனில்தான் அந்தப் பேச்சைப் பார்த்தோம். முடிந்ததும் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். ரோமோ ஆள் என்றாலும் ஆள்தான் என்று நான் ஏதோ சொன்னேன். சந்தோஷமாக இருந்தது எனக்கு. பையன் தப்பித்தான் என்கிற சந்தோஷம். அந்தப் பையன் யார் என்று நான் மனதில் வைத்திருந்தேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

சீசன் 13–3 என்று முடிந்தது. ஜனவரி 15 அன்று பிளேஆஃபில் கிரீன் பேவிடம் 34–31 என்று போயிற்று, கடைசி விநாடிகளில் 51 கஜ உதையில். அதற்குச் சற்று முன்னால் பிரெஸ்காட் 48 விநாடி மீதி இருக்கும்போது பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தியிருந்தார். ஓட விட்டிருந்தால் கிரீன் பேயின் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் கைக்கு அவ்வளவு நேரம் மிஞ்சியிருக்காது என்று பிறகு ஊர் முழுக்க வாதம். முதல் ஆட்டத்தில் கடிகாரம் நிற்காமல் தோற்றார்கள், கடைசி ஆட்டத்தில் நிறுத்தி. ஏப்ரலில் ரோமோ ஆட்டத்தை விட்டு டிவி வர்ணனைக்குப் போய்விட்டார். அந்த வசந்தத்திலேயே பெரியவரும் கேட்டுக்கொண்டு பிளானிங் பக்கம் மாறிவிட்டார். பேட்ச் எனக்கு நிரந்தரமாயிற்று.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன மாதம் முதுகு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குப் பிறகு நான் வேலைக்குத் திரும்பியது. என் நாற்காலி என் உயரத்தில் இல்லை. பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு வயது 26. நான் பத்து வருடமாக மாற்றத் தயங்கிய ஒரு வரிசையை அவள் மாற்றியிருக்கிறாள், பேட்ச் 40 நிமிடம் முன்னதாக முடிகிறது. “நல்லா பண்ணியிருக்கேம்மா” என்றேன். மனதாரச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அன்று ராத்திரி ரோமோவின் அந்தப் பேச்சைத் தேடி எடுத்து முழுக்கப் பார்த்தேன். 2016இல் பார்த்தது வேறு பேச்சு போல இருந்தது. தாளைப் பிடித்திருந்த கையைத்தான் இந்த முறை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2017 ஜனவரி 1, பிலடெல்பியாவில் கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். ரோமோவை ஒரே ஒரு முறை இறக்கினார்கள். நாலு எறிந்தார். கடைசியாக எறிந்தது டச்டவுன். பிடித்தவர், செப்டம்பரில் வெளியே போக மறந்த அதே டெரன்ஸ் வில்லியம்ஸ். அப்புறம் ரோமோ தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓரத்துக்குப் போய்விட்டார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பெரியவர் என் மேசைக்கு வந்து, “இன்றைக்கு ராத்திரி மட்டும் நான் பார்க்கட்டுமா?” என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்கிறார் என்பதே எனக்கு அப்போது உறைக்கவில்லை. “தாராளமாக, எனக்கும் தூங்கினால் தேவலை” என்றேன். நிஜமாகவே போய்த் தூங்கிவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் நாற்காலி நான் வைத்திருந்த உயரத்திலேயே இருந்தது. அந்த உயரத்தில் அந்த மனிதர் முழங்காலை எங்கே வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. ஷிஃப்ட் லாகில் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: “2:41. எல்லாம் முடிந்தது. கோளாறு இல்லை. நாளையிலிருந்து வழக்கம் போல.” கீழே, வழக்கம் போல என்று என் பெயரைப் போட்டிருந்தார்.